யார் முதலில் பேசுவது?

மரத்தொழில் போன பிறகு லாங் ஐலண்ட் எதை நம்பிப் பிழைப்பது? நடு அந்தமானின் கிழக்குக் கரைக்கு அப்பால், ரங்கத் வட்டத்தைச் சேர்ந்த இந்தச் சிறு தீவு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே பிளைவுட் ஆலை ஓடியது. காட்டு வேலையும் ஆலை வேலையும்தான் பல குடும்பங்களைத் தீவுக்குக் கொண்டுவந்தன. பிறகு ஆலை மூடியது. 2002 மே மாதத்தில், ஷேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை வைத்து உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டுக்கு அது நல்ல தீர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாரக்கூலி வாங்கிக்கொண்டிருந்தவரிடம் அதைச் சொல்லிப் பார்த்தால் அவர் வேறு மாதிரி பதில் சொல்லக்கூடும்.

அடுத்த விடை டில்லியிலிருந்து வந்தது. 2017 ஜூனில் மத்திய அரசு தீவு மேம்பாட்டு முகமையை அமைத்தது. நிதி ஆயோக் முதல் கட்டமாகத் தேர்ந்தெடுத்த தீவுகளில் ஸ்மித், ராஸ், ஏவிஸ், லிட்டில் அந்தமான் ஆகியவற்றோடு லாங் ஐலண்டும் இருந்தது. லாலாஜி கடற்கரையில் தனியார் பங்களிப்போடு 220 அறைகள் கொண்ட சொகுசு விடுதி என்பது திட்டம். மரத்துக்குத் தடை, கடற்கரைக்கு விடுதி என்று இரண்டு முடிவுகளுமே தீவுக்கு வெளியே பிறந்தவை. தீவில் இருப்பவர்களே ஒன்றாக உட்கார்ந்து யோசித்தால் என்ன வரும்? அதைவிட முக்கியமாக, எல்லோருடைய யோசனையும் வெளியே வரும்படி அந்தக் கூட்டத்தை எப்படிக் கூட்டுவது? பின்னதைப் பற்றி எழுபது ஆண்டுகளாக உலகம் முழுவதும் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அலுவலகங்களையும் கல்லூரி மாணவர்களையும் பற்றியவை. அவற்றை நம் ஊர்க் கூட்டங்களைப் பற்றிய ஆய்வுகளோடு சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்குகிறது.

கூடி யோசிப்பதை ஒரு முறையாக எழுதிவைத்தவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன். நியூயார்க்கின் பிபிடிஓ விளம்பர நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். 1948இலும் 1953இலும் வெளியான அவருடைய புத்தகங்கள்தான் ‘பிரெய்ன்ஸ்டார்மிங்’ என்ற சொல்லை ஊர் ஊராகக் கொண்டுபோயின. அவர் சொன்ன விதிகள் நாலே நாலு: யோசனை எத்தனை வந்தாலும் வரட்டும், எதையும் அப்போதே குறை சொல்லாதே, விசித்திரமானதையும் வரவேற்பாய், ஒருவர் சொன்னதன்மேல் இன்னொருவர் கட்டட்டும். இன்று சோழிங்கநல்லூர் ஐடி அலுவலகங்களில் சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்களை ஒட்டி நடத்தும் கூட்டங்கள் எல்லாம் இவருடைய பேரப்பிள்ளைகள். ஆனால் ஆஸ்பார்ன் சொன்ன இன்னொன்றை அந்தப் பேரப்பிள்ளைகள் மறந்துவிட்டன. குழுவாக யோசிப்பது தனியாக யோசிப்பதற்குத் துணைதானே தவிர மாற்று அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார்.

மறந்ததன் விலை சீக்கிரமே தெரிந்தது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற மூவர் ஒரு சோதனை நடத்தினார்கள். நாலு பேர் கூடி யோசித்தார்கள். இன்னும் நாலு பேர் தனித்தனியே யோசித்தார்கள். தனியே யோசித்தவர்களின் பட்டியலில் ஒன்றுபோல் இருந்தவற்றை நீக்கிவிட்டு எண்ணிப் பார்த்தார்கள். தனியே யோசித்த நால்வர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனைகள் தந்திருந்தார்கள். ஏன் என்பது நெடுநாள் புரியவில்லை. மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சமா? நாம் சும்மா இருந்தால் யாருக்குத் தெரியும் என்ற சோம்பலா? 1987இல் ஜெர்மனியில் மைக்கேல் டீலும் வோல்ஃப்காங் ஸ்ட்ரோபெயும் இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு சோதனையில் பங்கேற்றவர்கள் தனித்தனி அறையில் இருந்தார்கள். ஆனால் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எரியும் விளக்கு அணைந்தால்தான் இவர் பேசலாம். அவ்வளவுதான், யோசனைகள் சரிந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை, கேலி செய்யவில்லை. தன் முறைக்குக் காத்திருந்ததே போதுமானதாக இருந்தது. காத்திருக்கும்போது யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தகுதியில்லை என்று தானே விட்டுவிடுகிறோம், அல்லது அதையே மனசுக்குள் பிடித்துவைத்துக்கொண்டு புதிதாக எதையும் யோசிக்காமல் இருக்கிறோம்.

இந்தக் கண்டுபிடிப்பைப் படித்ததும் எனக்கு யேலோ ஜெர்மனியோ நினைவுக்கு வரவில்லை. கிராம சபைதான் வந்தது. சோதனைக்கூடத்தில் முறை வருவதைத் தீர்மானிப்பது ஒரு விளக்கு. நம் ஊரில் அதைத் தீர்மானிப்பது சாதி, வயசு, ஆண் பெண், நிலம், படிப்பு, மொழி. ரேஷன் கடை வரிசையில்கூட முன்னால் நிற்பவர் சர்க்கரை வாங்கியதும் நகர்ந்துவிடுவார்; பேச்சின் வரிசையில் முன்னால் நிற்பவர் நகர்வதே இல்லை.

தமிழ்நாட்டுக் கிராம சபைகளைப் பற்றி இதற்குச் சான்று இருக்கிறது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசியதை வரிக்கு வரி எழுத்தாக்கி, கணினி கொண்டு ஆராய்ந்தார்கள்; அது 2019இல் வெளியானது. பெண்கள் கூட்டத்துக்குத் திரளாக வருகிறார்கள். ஆனால் பேசும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. பேச்சின் பொருளைத் தீர்மானிப்பது அதைவிடக் குறைவு. அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெண்களின் பேச்சுக்குப் பதில் கிடைப்பது கூடுகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். நாற்காலியில் யார் உட்கார்கிறார் என்பது எதிரே உட்கார்ந்திருப்பவரின் குரலையும் மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அமெரிக்க மனோதத்துவ இதழ்களிலும் நான் கண்டதில்லை.

நாற்காலி என்று சும்மா சொல்லவில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டங்களில் தரையில் உட்காரவைக்கப்பட்ட செய்தி படத்தோடு வெளியானது. மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ‘எல்லோரும் தாராளமாகப் பேசலாம்’ என்று அறிவித்திருந்தாலும் யாருக்கு அது கேட்டிருக்கும்? அனைவரையும் சேர்ப்பது என்பது நடத்துபவரின் இனிமையான பேச்சில் இல்லை, பொருள்களை வைக்கும் விதத்தில் இருக்கிறது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம். பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் உத்திரமேரூரை நீட்டுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு சொல்கின்றன என்பது உண்மை. ஓலை குடத்தில் விழ வேண்டுமானால் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் வேண்டும் என்றும் அதே கல்வெட்டுகள் சொல்கின்றன. வரிசையை யார் தொடங்கலாம் என்பது அங்கேயும் குடத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது.

சரி, வரிசையை எப்படி உடைப்பது? உருப்படியான விடை ஒன்றை நம் பக்கத்து மாநிலம் தந்தது. 1996 ஆகஸ்டில் தொடங்கிய கேரளத்தின் மக்கள் திட்டம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. பணம் வந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது கூட்டம் நடந்த விதம். நூற்றுக்கணக்கானவர்கள் கூடும் கிராம சபை சிறிய தொடக்கக் கூட்டத்துக்குப் பிறகு துறைவாரியாகக் குழுக்களாகப் பிரிந்தது. விவசாயம் ஒரு வகுப்பறையில், குடிநீர் இன்னொன்றில், பெண்கள் மேம்பாடு வேறொன்றில். ஒவ்வொரு குழுவிலும் முன்பே பயிற்சி பெற்ற ஒருவர், கையில் கேள்விப் பட்டியலோடு. கடைசியில் எல்லாக் குழுக்களும் திரும்பிவந்து சபையில் சொன்னார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் வாயே திறக்காதவர் பதினைந்து பேருக்கு நடுவில் பேசிவிடுகிறார். ஒரு வரிசை பத்து வரிசையாகும்போது காத்திருக்கும் நேரம் பத்தில் ஒன்றாகிறது. டீலும் ஸ்ட்ரோபெயும் சொன்ன நோய்க்கு இது நேரான மருந்து. திட்டம் போட்டவர்கள் அவர்களைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு வழி பேச்சையே குறைப்பது. 1980களின் கடைசியில் தென்னிந்தியாவில், மைராடா போன்ற அமைப்புகளும் ராபர்ட் சேம்பர்ஸ் போன்ற ஆய்வாளர்களும் ஊர்மக்களைத் தரையில் கோலமாவும் கல்லும் இலையும் வைத்து ஊரின் வரைபடத்தைப் போடச் சொன்னார்கள். எந்தக் கிணறு எப்போது வற்றும், எந்தத் தெருவில் யார் பசியோடு இருக்கிறார் என்பதெல்லாம் அந்தத் தரைப்படத்தில் வந்தன. எழுதத் தெரியாதவரும் ஒரு கல்லை நகர்த்தலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நகர்த்தலாம். இந்த முறை பிறகு உலகம் முழுக்கப் பரவி, உதவி நிறுவனங்களின் சடங்காகவும் ஆனது. டேவிட் மோஸ் 1994இல் மேற்கு இந்தியப் பழங்குடிக் கிராமங்களைப் பற்றி எழுதியதை இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஊர் நடுவில், அந்நியர் முன்னால், பகல் வேளையில் வரைபடம் போட்டால் வருவது ஆண்களும் பெரியவர்களும்தான். பெண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், வந்தாலும் அது அவர்கள் பேசும் இடம் அல்ல. கடைசியில் ஊரின் செல்வாக்கானவர்களின் விருப்பம் ‘ஊரின் கருத்து’ என்று முத்திரை பெற்றுவிடும். முறை எதுவானாலும் இடமும் வேளையும் தவறினால் பழைய வரிசைதான் மறுபடி நிற்கும்.

மூன்றாவது வழி முதலில் எழுதிவிட்டுப் பிறகு பேசுவது. 1968இல் பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் சொன்ன 6-3-5 முறையில் ஆறு பேர் ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு மூன்று யோசனைகளை எழுதித் தாளைப் பக்கத்தவருக்குத் தள்ளுகிறார்கள். அரை மணியில் தாள்கள் நிரம்பிவிடும். 1970களின் தொடக்கத்தில் டெல்பெக், வான் டி வென் இருவரும் வகுத்த முறையில் எல்லோரும் மௌனமாக எழுதி, ஆளுக்கொன்றாகச் சுற்றில் சொல்லி, விளக்கம் கேட்டு, கடைசியில் ரகசியமாக வரிசைப்படுத்துவார்கள். சமூகநலத் திட்டங்களில் நிபுணர்களும் ஏழைகளும் ஒரே மேசையில் உட்காரும் சூழலை மனதில் வைத்தே அது உருவானது. அலுவலகங்களுக்கு இதைவிட எளிய மருந்து இல்லை. மேலாளர் வாயைத் திறக்கும் முன் எல்லோரும் எழுதிவிட்டால் அவருடைய கருத்துக்கு ஒத்து ஊதுவது பாதியாகக் குறையும்.

எழுத்து இன்னொரு தொல்லையையும் தீர்க்கிறது. 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் இருவரும் காட்டியது: குழு கூடினால் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பேசும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது கடைசிவரை வெளியே வராது. தீவில் இது சின்ன விஷயமில்லை. எந்த மாதத்தில் எந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும் என்பது மீன் பிடிப்பவருக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் எந்த நாளில் நிற்கும் என்பது குடத்தைத் தூக்கும் பெண்ணுக்குத் தெரியும். 220 அறைகளுக்கு நாளொன்றுக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று கணக்குப் போடும் பொறியாளருக்கு இரண்டும் தெரியாது.

லாங் ஐலண்டுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் சுமார் 3.8 லட்சம் பேர். தாய்மொழி வங்காளம் என்றவர்கள் ஏறக்குறைய 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. மலையாளமும் நிக்கோபாரியும் தலா ஏழுக்கு மேல். சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டு ‘ராஞ்சி’ என்ற பெயரிலேயே நின்றுவிட்டவர்களின் சாத்ரியும் குடுக்கும் இந்தக் கணக்கில் மங்கிப்போகின்றன. பொதுவாகப் பேசுவது அந்தமான் இந்தி. படகுத்துறையிலும் கடையிலும் அது போதும். ஆனால் பேரம் பேசும் மொழி வேறு, கவலையைச் சொல்லும் மொழி வேறு. தன் மகன் ஏன் போர்ட் பிளேருக்குப் போய்விட்டான் என்பதை ஒரு தமிழ்த் தாயார் இந்தியில் சொன்னால் பாதிதான் சொல்லுவார். கூட்டத்தை இந்தியில் மட்டும் நடத்தினால் அதில் நன்றாகப் பேசுகிறவரே நன்றாக யோசிப்பவராகத் தெரிவார். மொழிவாரியாகத் தனித்தனி வட்டம் போட்டு, அவரவர் மொழியில் முதல் சுற்றை முடித்து, பிறகு பொது இந்தியில் சேர்த்துச் சொல்வதுதான் ஒரே வழி என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டமும் இதைத் தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொள்கிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டார்கள். எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது.

இத்தனை முறைகளையும் கச்சிதமாகக் கடைப்பிடித்தாலும் ஒன்று தவறினால் எல்லாம் வீண்: கேள்வியை யார் எழுதினார்? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிக்கோபார் மக்களுக்குத் தகரக் கொட்டகைகள் வந்தன. வெப்பத் தீவில் தகரம். அவர்கள் கேட்டது தங்கள் வீட்டைத் தாங்களே கட்டக் கருவிகள். ‘கொட்டகையை எங்கே போடுவது?’ என்று கேட்டால் அதற்கு எவ்வளவு ஜனநாயகமாகவும் பதில் வாங்கலாம், ‘கொட்டகை வேண்டுமா?’ என்ற கேள்வி அதற்குள் செத்திருக்கும். பெரிய நிக்கோபார் துறைமுகத் திட்டத்துக்கு 2022 ஜனவரி 27 அன்று கேம்ப்பெல் பேயில் பொது விசாரணை நடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தடையில்லாச் சான்று கொடுத்த பழங்குடி மன்றம் நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. முழு விவரமும் தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொது விசாரணைக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஒளிப்பதிவு வேண்டும். ஆனால் குறைந்தபட்சம் இத்தனை பேர் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னாலும் விசாரணை முடிந்துவிடலாம்.

ஆகவே லாங் ஐலண்டில் ஒரு கூட்டத்துக்குத் திட்டமிடச் சொன்னால், விடுதி வேண்டுமா வேண்டாமா என்று நான் தொடங்கமாட்டேன். அது ஆட்களை இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்சியிலும் உரக்கப் பேசுகிற ஒருவரை மட்டும் மிச்சம் வைக்கும். ‘பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் இந்தத் தீவில் இருக்கவேண்டுமானால் இங்கே என்ன இருக்கவேண்டும்?’ என்று கேட்கலாம். அந்தக் கேள்வியையும் முதலில் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லி, ஊராரே அதைத் திருத்தும்படி ஒரு வாரம் விட்டுவைக்கவேண்டும். கூட்டத்துக்கு முன் நடக்கும் இந்த நடைதான் பாதி வேலை. கூட்டத்துக்கு வரவே முடியாமல் படுத்த படுக்கையாக இருப்பவரும், சாராயக் கடனில் ஒளிந்திருப்பவரும் இந்த நடையில்தான் அகப்படுவார்கள். வேளையைத் தேர்ந்தெடுக்க, ரங்கத் பக்கத்து ஏரட்டா துறையிலிருந்து படகு வரும் நேரத்தையும் வலை இழுத்துவிட்டுத் திரும்பும் நேரத்தையும் அடுப்பு எரியும் நேரத்தையும் கழித்துப் பார்க்கவேண்டும். மிச்சமிருக்கும் வேளை ஆளாளுக்கு வேறாக இருந்தால், ஒரே கூட்டம் என்ற பிடிவாதத்தை விட்டு இரண்டாக நடத்தலாம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளை ஒன்று எழுதுகோலோடு உட்காரட்டும். ஆனால் அது அவருடைய பேரப்பிள்ளையாக இருக்கக்கூடாது. சொந்தக்காரர் எதிரில் சொல்ல முடியாதது நிறைய இருக்கிறது.

பஞ்சாயத்துப் பிரதான் கடைசியில் பேசவேண்டும். இதை எழுதிவைக்கவேண்டும், அவருடைய பெருந்தன்மைக்கு விடக்கூடாது. அனிதா வூலியும் சக ஆய்வாளர்களும் 2010இல் 699 பேரைச் சிறுகுழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வில், குழுவின் கூட்டறிவு அதிலிருக்கும் மகா கெட்டிக்காரரின் அறிவைப் பொறுத்ததாக இல்லை. பேச்சு எல்லோரிடமும் சரிசமமாகச் சுற்றிய குழுக்களும், மற்றவரின் மனநிலையை முகத்திலிருந்து படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த குழுக்களும், பெண்கள் கூடுதலாக இருந்த குழுக்களும் நன்றாகச் செய்தன. அமெரிக்கக் குழுக்களில் கண்டதை அப்படியே அந்தமானுக்குப் பெயர்த்துவிட முடியாது என்று தெரிந்தும் இதை நம்பப் பார்க்கிறேன். தமிழ்நாட்டுக் கிராம சபை ஆய்வு அதே திசையைக் காட்டுவதால்.

அலுவலகக் குழுத்தலைவர்களுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு உண்டு. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே கேள்வியை அனுப்புவது. முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் எழுதுவது. காணொளியில் சேர்ந்திருக்கும் ஊழியரை அறையில் இருப்பவர்களுக்கு முன்னால் பேசவிடுவது. இவற்றுக்குக் காசு செலவில்லை. செய்யாமலிருப்பதற்கான காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தலைவருக்கு விடை ஏற்கெனவே தெரியும். அப்படியானால் கூட்டம் போடாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நேர்மை.

கடைசியாக ஒன்று பாக்கி. தமிழ்நாட்டு ஆய்வில் ஒரு பேச்சு எடுபட்டதா என்பதை அளந்த அளவுகோல்களில் ஒன்று பதில். பேசியவருக்கு அதிகாரி அதே பொருளில் பதில் சொன்னாரா, பேச்சை வேறு பக்கம் திருப்பினாரா? எண்ணிக்கையில் எத்தனை யோசனை வந்தது என்பதைவிட இதுதான் அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார் என்பதைத் தீர்மானிக்கிறது. லாங் ஐலண்ட் கூட்டத்தின் குறிப்பேட்டில் ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருக்கவேண்டும்: எடுத்துக்கொண்டோம், எடுக்கவில்லை, எடுக்காததன் காரணம். சொன்னவர் பெயர் வேண்டாம். முடிவெடுத்த அதிகாரியின் பெயர் வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் அரைமணி அந்த ஏட்டை அத்தனை மொழிகளிலும் வாசிப்பதற்கு. எடுக்கவில்லை என்று குறித்தும் மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் வரிகளில் அந்த அதிகாரி எழுந்து நின்று பதில் சொன்ன பிறகுதான் புதிய கேள்வி எதையும் எடுப்பது.